டார்க் மோடுல வெள்ளையா மாறின கறுப்பு வயர்: ஒரு டாக்குமென்டேஷன் சைட்டோட படங்களை சரி பண்ணின கேஸ்

மொரிஷியஸ்ல ஓடை, கால்வாய் ஓரமா தண்ணி மட்டத்தையும் வெப்பத்தையும் அளக்குற சின்ன பெட்டி ஒண்ணை வீட்டுலயே செஞ்சு மாட்டுறது எப்படின்னு சொல்லிக்குடுக்குற டாக்குமென்டேஷன் சைட்டை நாங்க சில பேர் சேர்ந்து பாத்துக்குறோம். இங்கிலீஷ், ஃப்ரெஞ்ச், தமிழ்னு மூணு மொழியில இருக்கு, தமிழ் பக்கங்களும் படங்களும் என் பொறுப்பு. அந்தப் படங்கள் டார்க் மோடுல எப்படி கெட்டுச்சு, ஏன் கெட்டுச்சு, கடைசியில எதை மாத்தினோம், எதை மாத்தக்கூடாதுன்னு முடிவு பண்ணோம்ங்கறதை இங்க முழுசா எழுதுறேன். இதே மாதிரி டாக்ஸ் சைட் வெச்சிருக்கிற தமிழ் ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு உபயோகப்படும்.

முதல்ல இது ஏன் எங்களுக்கு அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லைன்னு சொல்லிடறேன். 2013 மார்ச் 30 அன்னைக்கு தலைநகர் போர்ட் லூயில திடீர் வெள்ளம் வந்து 11 பேர் செத்துப்போனாங்க, ரூயிஸோ டு பூஸ் ஓடை நிரம்பி ஊருக்குள்ள வந்துருச்சு. 2024 ஜனவரியில பெலால் புயல் வந்தப்ப மறுபடியும் அதே ஊர் ரோட்டுல கார் எல்லாம் மிதந்துச்சு. இங்க புயல் சீசன் நவம்பர்ல ஆரம்பிச்சு மே நடுவுல வரைக்கும் போகுது, அந்த மாசங்கள்லதான் எங்க சைட்டுக்கு ஆளுங்க வர்றாங்க, அதுவும் கிளாஸ் 3 புயல் எச்சரிக்கை (மொத்தம் நாலுல மூணாவது) குடுத்து எல்லாரும் வீட்டுக்குள்ள உக்காந்திருக்கும்போது, கரண்ட் போயிருக்கும்போது, போன்ல பேட்டரி சேவர் போட்டுட்டு படிப்பாங்க. ஆண்ட்ராய்டு 10 லேர்ந்து பல போன்ல பேட்டரி சேவர் ஆன் பண்ணா டார்க் தீம் தானா வந்துரும். அதாவது டார்க் மோடு புடிச்சு போட்டவங்க மட்டும் இல்ல, டார்க் மோடுன்னா என்னன்னே யோசிக்காதவங்களும் அதுலதான் எங்க வயரிங் படத்தை பாக்குறாங்க, அதுவும் பெட்டி வேலை செய்யணும்னு ரொம்ப தேவைப்படுற நேரத்துல.

கேஸ் வந்தது போ பாஸான்ல படிக்கிற ஒரு காலேஜ் தம்பிகிட்டேர்ந்து. இங்க காலேஜ்னா செகண்டரி ஸ்கூல். ரோஸ் ஹில்ல சாயங்கால தமிழ் கிளாஸ் எடுக்குற ஐயா ஒருத்தர் அவரோட பசங்களுக்கு இந்த பெட்டியையே பாடமா வெச்சிருக்கார், தமிழ்ல படிச்சு கையால செய்யணும்ங்கறது அவர் எண்ணம். அந்த தம்பி மெசேஜ் போட்டான்: "அக்கா, படத்துல வெள்ளை வயர் ஒண்ணு, பிங்க் வயர் ஒண்ணு தெரியுது, என் சென்சார்ல சிவப்பு, கறுப்பு, மஞ்சள்தான் இருக்கு, எதை எதுல குடுக்குறது?"

டிஎஸ்18பி20ன்னு ஒரு வாட்டர்ப்ரூஃப் டெம்ப்ரேச்சர் சென்சார், ரொம்ப சாதாரணமா கிடைக்கிறது. பெரும்பாலும் அதுல சிவப்பு பவர், கறுப்பு கிரவுண்ட், மஞ்சள் டேட்டா. டேட்டாவுக்கும் பவருக்கும் நடுவுல ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடணும். பவரையும் கிரவுண்டையும் மாத்திக் குடுத்தா சென்சார் தொட முடியாத அளவுக்கு சூடாகும், அப்படியே விட்டா போயிரும். அந்த தம்பி குத்துமதிப்பா குடுக்காம நிறுத்திக் கேட்டான், அது ரொம்ப நல்ல பழக்கம். ஆனா படம் அப்படி நிறுத்த வேண்டிய நிலைமையில அவனை விட்டிருக்கவே கூடாது.

நோய் ஒண்ணு இல்ல, மூணு

சைட் ஸ்ஃபிங்ஸ்ங்கற டாக்ஸ் கட்டுற டூல்ல பண்ணது, தோற்றத்துக்கு ஃபூரோங்கற தீம். மேல ஒரு பட்டன் இருக்கும், லைட், டார்க், ஆட்டோன்னு மாத்திக்கலாம். எங்க டார்க் பேக்ரவுண்ட் கலர் #121212, கிட்டத்தட்ட கறுப்பு. டார்க்ல போட்டுட்டு பக்கம் பக்கமா பாத்தப்ப மூணு வேற வேற கோளாறு இருந்துச்சு, எல்லாத்தையும் ஒரே பிரச்சனைன்னு நினைச்சு ஒரே மருந்து குடுத்தா ஒண்ணு சரியாகும்போது இன்னொண்ணு கெடும்.

வயரிங் படங்கள் எல்லாம் கலர் தலைகீழா தெரிஞ்சுது. ஃப்ளோ சார்ட் எல்லாம் இருட்டு பக்கத்துக்கு நடுவுல பளீர்னு வெள்ளை கட்டமா கண்ணை கூசுச்சு. இஎஸ்பி32ங்கற மைக்ரோகன்ட்ரோலர் போர்டோட பின் (வயர் குடுக்குற கால்) படத்துல கோடும் எழுத்தும் சுத்தமா காணோம், பின்னுக்குள்ள இருந்த பச்சை புள்ளிகள் மட்டும் அந்தரத்துல நின்னுச்சு.

காரணம் ஒவ்வொரு படமும் பக்கத்துக்குள்ள எப்படி வருதுங்கறதுல இருக்கு. இதை புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

எஸ்விஜிங்கறது கோடு, வடிவம், எழுத்தை எல்லாம் டெக்ஸ்ட்டா எழுதி வெக்கிற பட ஃபைல். அதை இமேஜ் டேக்ல போட்டா பக்கத்தோட சேராது, தனி டாக்குமென்ட். பக்கத்தோட சிஎஸ்எஸ் (கலர், அளவு மாதிரி தோற்றத்தை சொல்ற விதிகள்) அதுக்குள்ள போகாது, பக்கத்துல டவுன்லோட் பண்ண ஃபான்ட்டும் அதுக்கு கிடைக்காது, உள்ளுக்குள்ள கரண்ட் கலர்னு, அதாவது சுத்தி இருக்குற எழுத்தோட கலரையே எடுத்துக்கோன்னு, எழுதி வெச்சா கூட பக்கத்தோட எழுத்து கலர் வராது, கறுப்பாத்தான் வரும். ஆப்ஜெக்ட் டேக்ல போட்டாலும் பக்கத்தோட சிஎஸ்எஸ் உள்ள போகாது, ஸ்கிரிப்ட் வெச்சு வேணா உள்ள நுழையலாம். எஸ்விஜி ஃபைலுக்குள்ள இருக்குற டெக்ஸ்ட்டையே நேரா பக்கத்தோட எச்டிஎம்எல்லுக்குள்ள போட்டாத்தான், அதாவது இன்லைனா போட்டாத்தான், அது பக்கத்தோட ஒரு பகுதியா நடந்துக்கும்.

எங்க வயரிங் படங்கள் இமேஜ் டேக்ல இருந்துச்சு. சைட்டோட ஸ்டைல் ஷீட்ல ரொம்ப நாளா ஒரு வரி இருந்துச்சு, டார்க்ல இருந்தா எல்லா இமேஜுக்கும் ஒரு ஃபில்டர் போட்டு, கலரை தலைகீழாக்கி (இன்வர்ட்), நிறத்தை (ஹ்யூ) 180 டிகிரி சுத்துன்னு. நெட்ல எல்லா இடத்துலயும் சுத்துற வரி இது. ஃப்ளோ சார்ட் எல்லாம் டெக்ஸ்ட்டா எழுதினதை படமா வரைஞ்சு குடுக்குற கிராஃப்விஸ்ங்கற டூல்ல பண்ணது, ஸ்ஃபிங்ஸ் அதை எஸ்விஜியா போடும்போது ஆப்ஜெக்ட் டேக்ல போடும், அதனால அந்த ஃபில்டர் அதைத் தொடலை. கிராஃப்விஸ் பழக்கமா படத்துக்கு அடியில ஒரு வெள்ளை பாலிகன் வரைஞ்சுரும், வெள்ளை கட்டம் வந்தது அதனாலதான். பின் படம் மட்டும் ஏற்கனவே இன்லைன், ஆனா உள்ள கோடும் எழுத்தும் நேரடியா கறுப்புன்னு எழுதியிருந்துச்சு. கறுப்புக்கும் #121212க்கும் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம், 1:1ன்னா வித்தியாசமே இல்ல) 1.12:1 தான் வருது, கண்ணுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரிதான்.

அந்த இன்வர்ட் வரி உண்மையில என்ன பண்ணுது

இதை எல்லாரும் காப்பி பண்றதால கணக்கு போட்டே காட்டுறேன். இன்வர்ட் பண்ணா வெளிச்சமும் மாறும், நிறமும் எதிர்ப்பக்கம் போகும். நிறத்தை திருப்பிக் கொண்டுவரத்தான் 180 டிகிரி சுத்துறது. கேக்க சரியா இருக்கு. ஆனா அந்த ஹ்யூ ரொட்டேட் ஒரு தோராய மேட்ரிக்ஸ்தான், எல்லை தாண்டுற எண்ணை வெட்டிரும்.

முழு சிவப்பு 255, 0, 0 (சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவுன்னு 0 லேர்ந்து 255 வரைக்கும்). இன்வர்ட் பண்ணா 0, 255, 255. சுத்தினா 255, 146, 146 வருது. அது சிவப்பு இல்ல, பிங்க். முழு மஞ்சள் 255, 255, 0 இன்வர்ட் ஆகி 0, 0, 255 ஆகும், சுத்தினா 37, 37, 0. கறுப்புல கொஞ்சம் பாசி கலந்த மாதிரி ஒரு நிறம், #121212 மேல அதோட கான்ட்ராஸ்ட் 1.2:1. கறுப்பு 0, 0, 0 நேரா வெள்ளை ஆயிரும். ஆக அந்த தம்பி பாத்த படத்துல கிரவுண்ட் வெள்ளை, பவர் பிங்க், டேட்டா வயர் கண்ணுக்கே தெரியலை. அவன் கேட்ட கேள்வி அச்சு அசல் இந்தக் கணக்கு.

போட்டோவுக்கும் இதே ஃபில்டர்தான் போயிருந்துச்சு, பெட்டியை பாலத்துல மாட்டின போட்டோ நெகடிவ் மாதிரி இருந்துச்சு. எல்லா இமேஜுக்கும்னு எழுதினா எல்லாத்துக்கும்தான் போகும்.

இங்கதான் எங்களுக்கு விஷயம் தெளிவாச்சு. ஒரு படத்துல ரெண்டு சாதி கலர் இருக்கு. ஒண்ணு காகிதத்தோட கலர்: பின்னணி, எழுத்து, பெட்டி ஓரம், அம்புக்குறி. வெள்ளை பேப்பர்ல வரையுறதாலதான் அது கறுப்பா இருக்கு, பேப்பர் மாறினா அதுவும் மாறணும். இன்னொண்ணு பொருளோட கலர்: வயரோட இன்ஸுலேஷன், எல்இடியோட நிறம், ரெசிஸ்டர் மேல இருக்குற பட்டை, எச்சரிக்கை நிலைக்கு ஊர்ல பழகின நிறம். அது வெளி உலகத்துல இருக்குற ஒண்ணோட அடையாளம், பக்கம் லைட்டா டார்க்கான்னு பாத்து மாறவே கூடாது. 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்ல மஞ்சள், ஊதா, சிவப்புன்னு பட்டை இருக்கும், அந்த சிவப்பு வேற கலரா தெரிஞ்சா ரெசிஸ்டரோட மதிப்பே வேற ஆயிரும். ஃபில்டர், ஆட்டோ டார்க், எதுவா இருந்தாலும் இந்த ரெண்டு சாதியையும் பிரிக்கத் தெரியாது, ஏன்னா படத்துக்குள்ள ரெண்டுமே வெறும் நம்பர்தான். வரையுறவங்கதான் பிரிச்சு எழுதி வெக்கணும்.

ஒரே கலரை வெச்சு ரெண்டு பக்கமும் சமாளிக்க முடியுமா

ஐயாதான் இதைக் கேட்டார், அவர் எப்பவும் பாடப்புத்தகத் தமிழ்லதான் பேசுவார்: "இரண்டு பின்னணியிலும் தெரியும்படி நடுத்தரமான ஒரு நிறம் வைத்துவிட்டால் போதாதா அம்மா?" நல்ல கேள்வி, இதுக்கும் கணக்கு இருக்கு.

வெப் பக்கம் எல்லாருக்கும் உபயோகப்படுற மாதிரி இருக்க வழி சொல்ற டபிள்யூசிஏஜி 2.1ல சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 வேணும், படத்துல புரிஞ்சுக்க தேவையான கோடு, வடிவத்துக்கு 3:1 போதும். கான்ட்ராஸ்ட்ங்கறது ரெண்டு நிறத்தோட வெளிச்ச அளவுக்கும் 0.05 கூட்டி ஒண்ணை இன்னொண்ணால வகுக்குறது. வெள்ளைக்கும் #121212க்கும் நடுவுல கான்ட்ராஸ்ட் 18.7:1. ரெண்டுக்கும் சரிசமமா நடுவுல நிக்குற கலருக்கு ஒவ்வொரு பக்கமும் அதோட வர்க்கமூலம்தான் கிடைக்கும், 4.33:1. அதுக்கு மேல எந்தக் கலராலயும் போக முடியாது. அப்போ எழுத்துக்கு ஒரே கலர் நடக்காது, சிவப்பு, நீலம், சாம்பல் எதை எடுத்தாலும் ஒரு பக்கம் தோக்கும். லிங்க்குக்கு போடுற முழு நீலத்தைப் பாருங்க, வெள்ளையில 8.59:1 அட்டகாசமா இருக்கும், #121212 மேல 2.18:1 தான்.

ஆனா கோட்டுக்கு 3:1 போதுமே, அது நடக்கும். #808080 சாம்பல் வெள்ளை மேல 3.95, #121212 மேல 4.74. ரெண்டு பக்கமும் பாஸ். முழு சிவப்பும் பாஸ், வெள்ளையில 4.0, டார்க்ல 4.69.

ஐயாகிட்ட சொன்ன பதில் இதுதான்: கோட்டுக்கு போதும் ஐயா, எழுத்துக்கு போதாது.

வயருக்கு கண்டுபிடிச்ச வழி

வயர் கலரை மாத்தக்கூடாது, ஆனா கறுப்பு வயர் டார்க்ல தெரியவும் வேணும். இதைப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருந்தப்ப ஒண்ணு கவனிச்சோம், முழு மஞ்சள்ல வரைஞ்சா வயர் லைட் மோடுலயே தெரியாது. முழு மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் கான்ட்ராஸ்ட் 1.07:1 தான், கறுப்புக்கும் டார்க் பேக்ரவுண்டுக்கும் இருக்குறதை விட மோசம். பழைய படத்தை வரைஞ்சவங்க மஞ்சளை கொஞ்சம் அழுத்தமா எடுத்திருந்ததால யாரும் புகார் பண்ணலை, அவ்வளவுதான். ஆக டார்க் மோடு ஒரு புது பிரச்சனையை கொண்டுவரலை, ஏற்கனவே இருந்த பிரச்சனையை வேற வயருக்கு மாத்திவிட்டுச்சு.

அதனால ஒவ்வொரு வயரையும் ரெண்டு தடவை வரைஞ்சோம். அடியில #808080ல கொஞ்சம் தடிமனா ஒரு கோடு, அது மேல வயரோட நிஜக் கலர்ல மெல்லிசா ஒரு கோடு. கோலத்துக்கு காவி ஓரம் கட்டுற மாதிரி. லைட்ல மஞ்சள், வெள்ளை வயருக்கு அந்த சாம்பல் ஓரம் எல்லை குடுக்குது, டார்க்ல கறுப்பு வயருக்கு குடுக்குது. கறுப்புக்கும் அந்த சாம்பலுக்கும் 5.3:1, மஞ்சளுக்கும் அதுக்கும் 3.68:1. சிவப்புக்கும் சாம்பலுக்கும் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா சிவப்பு தன்னால ரெண்டு பேக்ரவுண்ட்லயும் நிக்கிறதால அதுக்கு ஓரம் தேவையில்லை, ஒரே மாதிரி இருக்கட்டும்னு போட்டோம்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம், வயர் பாகத்துக்கு டார்க் மோடு சிஎஸ்எஸ்ஸே தேவைப்படலை. எதுவும் மாறலை, எதுவும் சுத்தலை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து யாருக்காவது அனுப்பினாலும், வேற ஆப்ல திறந்தாலும், பிடிஎஃப் ஆனாலும் வயர் அந்த வயர்தான்.

கூடவே ஒவ்வொரு வயரோட நுனியிலயும் கலரோட பேரையே எழுதிட்டோம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள்னு. கலரை மட்டும் நம்பி தகவல் சொல்லக்கூடாதுன்னு டபிள்யூசிஏஜில ஒரு விதியே இருக்கு, சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாதவங்க எல்லா கிளாஸ்லயும் இருப்பாங்க. இந்த ஒரு மாத்தம் முன்னாடியே இருந்திருந்தா, படம் எவ்வளவு கெட்டிருந்தாலும் அந்த தம்பி சரியா குடுத்திருப்பான். டாக்ஸ் எழுதுறவங்க வேற எதுவும் பண்ணலைன்னாலும் இதையாவது பண்ணுங்கன்னு கேட்டுக்குறேன்.

காகிதக் கலரை மாத்தினது

மிச்சம் இருக்குற எழுத்து, ஓரம், அம்பு எல்லாம் மாறணும். அதுக்கு எல்லா எஸ்விஜியையும் இன்லைனாக்கினோம். ஸ்ஃபிங்ஸ்ல ரா டைரக்டிவ்ல ஃபைல் ஆப்ஷன் குடுத்தா எஸ்விஜி கோட் அப்படியே பக்கத்துக்குள்ள வந்துரும், தனி எக்ஸ்டென்ஷன் வேணாம். அதுக்கப்புறம் கறுப்புன்னு இருக்குற இடத்துல எல்லாம் கரண்ட் கலர். பக்கத்து எழுத்து என்ன கலரோ அதுவே படத்துக்கும்.

கையால எடிட் பண்ண முடியாத கிராஃப்விஸ் படங்களுக்கு சிஎஸ்எஸ்லயே வேலை முடிஞ்சுது. எஸ்விஜில ஃபில் (உள்பக்கக் கலர்), ஸ்ட்ரோக் (கோட்டுக் கலர்)னு அட்ரிப்யூட்டா இருக்குறதுக்கு சிஎஸ்எஸ்ல மதிப்பு ரொம்ப கம்மி, எந்த ஒரு சாதாரண ரூலும் அதை ஜெயிச்சுரும். ஸ்ட்ரோக் கறுப்புன்னு இருக்குற எலிமென்ட்டை செலக்டர்ல புடிச்சு கரண்ட் கலர் குடுத்தோம், டெக்ஸ்ட்டுக்கு ஃபில் குடுத்தோம், பேக்ரவுண்டை கிராஃப்விஸ்லயே ட்ரான்ஸ்பரன்ட்னு சொல்லிட்டோம். கிராஃப்விஸ்ல நோடுக்கு, அதாவது ஒவ்வொரு கட்டத்துக்கும், க்ளாஸ் பேர் குடுக்கலாம், அது எஸ்விஜில அப்படியே வரும். அதை வெச்சு "இது எச்சரிக்கை நோடு, கலரை தொடாதே"ன்னு பிரிச்சோம்.

அந்த எச்சரிக்கை படம் முக்கியமானது. இங்க புயலுக்கு 1 லேர்ந்து 4 வரைக்கும் கிளாஸ் உண்டு, கிளாஸ் 4ன்னா மணிக்கு 120 கிலோமீட்டர் காத்து பதிவாயிருச்சுன்னு அர்த்தம், அதுக்கு முன்னாடி இருக்குற மூணும் அந்த காத்து வர்றதுக்கு எவ்வளவு நேரம் இருக்குங்கறதை வெச்சு வர்றது. எந்த கிளாஸ்ல பெட்டி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை அளவு அனுப்பணும்னு ஒரு ஃப்ளோ சார்ட் வெச்சிருக்கோம். அதுல கட்டத்தோட உள்பக்கம் முழு சிவப்பு, மேல எழுத்து. பக்கம் டார்க் ஆனப்ப எழுத்து மட்டும் வெள்ளையா மாறி, கட்டம் அதே சிவப்புல நின்னுச்சு. சிவப்பு மேல கறுப்பு எழுத்துக்கு 5.25:1, வெள்ளை எழுத்துக்கு 4.0:1 தான். ஆக லைட்ல பாஸ் ஆகி டார்க்ல ஃபெயில். நிறம் மாறாத கட்டத்துக்கு மேல இருக்குற எழுத்தும் மாறக்கூடாது, அதை தனியா கறுப்புன்னே நிறுத்தணும். இது நிறைய சைட்ல பாத்திருக்கேன், மஞ்சள் கட்டத்துக்குள்ள வெள்ளை எழுத்து, படிக்கவே முடியாது.

இங்க்ஸ்கேப்ங்கற வரையுற ஆப்ல வரைஞ்சது வேற தினுசு. அது கலரை அட்ரிப்யூட்டா வெக்காம ஸ்டைலுக்குள்ள எழுதும், அப்ப சாதாரண ரூல் ஜெயிக்காது, இம்பார்ட்டன்ட்னு ரூலை கட்டாயமாக்குற குறி போடணும். இம்பார்ட்டன்ட்டை இறைக்க மனசு வராம, எஸ்விஜி ஃபைலை சுத்தம் பண்ற எஸ்விஜிஓ டூல்ல ஸ்டைலை அட்ரிப்யூட்டா மாத்துற ப்ளகின் இருக்கு, பில்ட் பண்ணும்போதே, அதாவது சைட்டோட பக்கங்களை உருவாக்கும்போதே, அதை ஓட்டிட்டோம். அதே டூல்ல ஐடிக்கு முன்னொட்டு சேக்குற ப்ளகினும் கட்டாயம் வேணும். இன்லைன் பண்ணா ஒரு பக்கத்துல இருக்குற எல்லா படமும் ஒரே டாக்குமென்ட், கிராஃப்விஸ் எல்லா படத்துலயும் நோடு1, நோடு2ன்னு ஒரே ஐடி குடுக்கும், கையால வரைஞ்ச ரெண்டு படத்துல அம்புத் தலைக்கு ஒரே பேர் இருந்தா ரெண்டாவது படம் முதல் படத்தோட அம்பை எடுத்துக்கும்.

மெர்மெய்டு படங்களும் கொஞ்சம் இருந்துச்சு. மெர்மெய்டும் கிராஃப்விஸ் மாதிரி டெக்ஸ்ட்லேர்ந்து படம் போடுற டூல்தான், ஆனா அது ப்ரௌசர்லயே வரையுது, பேஸ் தீம்ல நாம கலர் குடுக்கலாம், ஆனா ஹெக்ஸ் கலர்தான் ஏத்துக்கும், சிஎஸ்எஸ் வேரியபிள் குடுக்க முடியாது, ஏன்னா அது குடுத்த கலர்லேர்ந்து மத்த கலரை கணக்கு போட்டு எடுக்குது. அப்ப பட்டன் அமுக்கும்போது மூல டெக்ஸ்ட்டை பத்திரமா வெச்சிருந்து மறுபடி வரையணும். முடியாத வேலை இல்ல. ஆனா புயல் நேரத்துல சிக்னல் ஒரு கட்டை வர்ற போன்ல அவ்வளவு பெரிய ஸ்கிரிப்ட்டை இறக்க வெக்கிறது எங்களுக்கு சரியா படலை, அதனால அந்த படங்களை எல்லாம் கிராஃப்விஸ்க்கு மாத்தி பில்ட்லயே வரைஞ்சு வெச்சுட்டோம். நல்ல நெட் இருக்குற ஆபீஸ் டாக்ஸ்னா மெர்மெய்டே இருக்கட்டும்.

ஏன் ரெண்டு காப்பி வெக்கலைன்னு கேப்பீங்க. ஃபூரோல ஒன்லி லைட், ஒன்லி டார்க்னு க்ளாஸ் இருக்கு, இதே மாதிரி டாக்ஸ் கட்டுற மெட்டீரியல் ஃபார் எம்கேடாக்ஸ்லயும், டோகுசாரஸ்லயும் இதுக்குன்னு வழி வெச்சிருக்காங்க. லோகோவுக்கு அது நல்லா இருக்கும். வயரிங் படத்துக்கு வேண்டவே வேண்டாம்ங்கறது என் கருத்து. பின் நம்பர் மாறும்போது லைட் படத்தை மாத்திட்டு டார்க் படத்தை விட்டுட்டா, பகல்ல பாக்குறவனுக்கு ஒரு பின், ராத்திரி பாக்குறவனுக்கு வேற பின். எது தப்புன்னு கண்டுபிடிக்கவே நாளாகும். மூணு மொழியில வேற, ஒவ்வொரு படமும் ஆறு ஃபைல் ஆயிரும்.

பட்டன் ஒண்ணு சொல்லும், போன் ஒண்ணு சொல்லும்

எஸ்விஜிக்கு உள்ளயே ஸ்டைல் எழுதி, லைட்டா டார்க்கான்னு கேக்குற ப்ரிஃபர்ஸ் கலர் ஸ்கீம்ங்கற சிஎஸ்எஸ் வரியை வெச்சு தானா மாற வெக்கலாம், இமேஜ் டேக்ல இருந்தாலும் வேலை செய்யும். பாக்க ரொம்ப சுலபமா தெரியும் வழி. ஆனா அது பொதுவா போனோட செட்டிங்கைத்தான் கேக்கும், சைட்டோட பட்டனை கேக்காது. போன் டார்க்ல இருந்து, ஒருத்தர் வெயில்ல நின்னு படிக்கணும்னு சைட்டை மட்டும் லைட் ஆக்கினா, வெள்ளை பக்கத்துல வெள்ளை கோடு வரும். ஓடை ஓரத்துல நின்னு பெட்டி மாட்டுறவங்க சரியா இதைத்தான் பண்ணுவாங்க. பிக்சர் டேக்ல மீடியா போட்டு ரெண்டு படம் குடுக்குறதும் இதே கதைதான். கிட்ஹப்ல ரீட்மீக்கு பிக்சர் டேக் நல்லா வேலை செய்யுது, அங்க அதைத்தான் வெச்சிருக்கோம், சொந்த பட்டன் இருக்குற சைட்டுக்கு அது ஒத்துவராது.

அதனால டெஸ்ட் பண்ணும்போது போன் லைட் டார்க், சைட் லைட் டார்க் ஆட்டோ, எல்லா சேர்க்கையும் பாக்கணும். குரோம் டெவ்டூல்ஸ்ல ரெண்டரிங் பேனல்ல போன் செட்டிங்கை மாத்தின மாதிரி நடிக்க வெக்கலாம், போனை எடுத்து எடுத்து மாத்த வேண்டாம்.

பிரிண்ட் இன்னொரு மூலை. ஐயா பசங்களுக்கு பக்கத்தை பிரிண்ட் போட்டுத்தான் குடுப்பார். டார்க்ல இருக்கும்போது பிரிண்ட் குடுத்தா ப்ரௌசர் பழக்கமா பேக்ரவுண்டை விட்டுட்டு எழுத்தை மட்டும் அச்சடிக்கும், வெள்ளை பேப்பர்ல வெளிறின எழுத்து. ஃபூரோ தன்னோட டார்க் கலரை எல்லாம் பிரிண்ட் இல்லாதப்ப மட்டும்னு சுத்தி வெச்சிருக்கு, நாம சேக்குற டார்க் ரூலையும் அதே மாதிரி சுத்தணும். எங்க படங்கள் கரண்ட் கலருக்கு மாறின உடனே பெரும்பாலும் தானாவே சரியாயிருச்சு, பக்கத்து எழுத்து கறுப்பானா படமும் கறுப்பு. வயருக்கு அடியில இருக்குற சாம்பல் ஓரம் கறுப்பு வெள்ளை பிரிண்டர்லயும் நிக்குது, வயர் பேர் எழுதியிருக்குறதால கலர் இங்க் இல்லாத ஸ்கூல்லயும் படம் உபயோகமா இருக்கு.

தமிழ் எழுத்துக்கு தனியா ஒரு வார்த்தை

இன்லைன் பண்ணதுல தமிழ் பக்கங்களுக்கு ஒரு பெரிய லாபம் கிடைச்சுது. இமேஜ் டேக்ல இருந்தப்ப நோட்டோ சான்ஸ் தமிழ் வெப்ஃபான்ட் படத்துக்குள்ள போகாது, போன்ல என்ன தமிழ் ஃபான்ட் இருக்கோ அதுல வரும், "வெப்பநிலை"ங்கற வார்த்தை கட்டத்தை தாண்டி வயர் மேல ஏறி உக்காந்துரும். இப்ப பக்கமும் படமும் ஒரே ஃபான்ட்.

ஆனா கிராஃப்விஸ் கட்டத்தோட அகலத்தை பில்ட் நடக்குற மெஷின்ல இருக்குற ஃபான்ட்டை வெச்சு கணக்கு போடுது. அங்க தமிழ் ஃபான்ட் இல்லைன்னா அகலம் தப்பா வரும், இங்கிலீஷ் பக்கத்துல எல்லாம் சரியா இருக்கும், தமிழ் பக்கம் மட்டும் கோணலா இருக்கும். பில்ட் மெஷின்ல நோட்டோ தமிழை இன்ஸ்டால் பண்ணி, கிராஃப்விஸ்லயும் அதே ஃபான்ட் பேர் குடுத்ததும் சரியாச்சு. வயருக்கு மேல வர்ற எழுத்துக்கு பேக்ரவுண்ட் கலர்ல ஒரு ஸ்ட்ரோக் குடுத்து, பெயிண்ட் ஆர்டர்ல ஸ்ட்ரோக் முதல்லன்னு சொன்னா எழுத்தை சுத்தி மெல்லிசா இடம் விட்ட மாதிரி இருக்கும், புள்ளியும் கொம்பும் கோட்டோட ஒட்டாது. அந்த ஸ்ட்ரோக் கலருக்கு ஃபூரோவோட பேக்ரவுண்ட் வேரியபிளையே குடுத்துட்டா டார்க்ல தானா மாறிக்கும். தமிழுக்கு இது இங்கிலீஷை விட ரொம்ப தேவை, மெய்யெழுத்து மேல இருக்குற புள்ளி ஒரு கோட்டுல மறைஞ்சா வார்த்தையே மாறிரும்.

இப்ப எந்த நிலையில இருக்கு

அந்த இன்வர்ட் வரியை சுத்தமா எடுத்தாச்சு, போட்டோவுக்கு எந்த ஃபில்டரும் கிடையாது. சோர்ஸ் ஃபைல் இல்லாத பழைய பிஎன்ஜி படங்கள் கொஞ்சம் இருக்கு, அதுக்கு டார்க்ல ஒரு வெள்ளை அட்டை பின்னாடி குடுத்து, சுத்தி கொஞ்சம் இடம் விட்டு, மூலையை வளைச்சு விட்டிருக்கோம். பைடேட்டா ஸ்ஃபிங்ஸ் தீமும் டார்க்ல படத்துக்கு பின்னாடி வெள்ளை குடுக்குறதைத்தான் பழக்கமா வெச்சிருக்கு. கண்ணுக்கு கொஞ்சம் வெளிச்சம் ஜாஸ்தி, ஆனா கலர் பொய் சொல்லாது, அது போதும்.

பில்ட்ல ஒரு சின்ன செக் சேத்திருக்கோம். எந்த எஸ்விஜியாவது நேரடியா கறுப்பு, வெள்ளைன்னு கலர் வெச்சிருந்து, அந்த எலிமென்ட்டுக்கு "பொருள்"ங்கற க்ளாஸ் இல்லைன்னா பில்ட் நிக்கும். வரையுறவங்க அப்ப முடிவு பண்ணணும், இந்தக் கறுப்பு வயரா, இல்ல வெறும் கோடான்னு. அந்த தம்பிதான் இப்ப பழைய பிஎன்ஜி படங்களை ஒவ்வொண்ணா இங்க்ஸ்கேப்ல திரும்ப வரைஞ்சுக்கிட்டு இருக்கான், அடுத்து வரப்போறது சோலார் பேனல் சார்ஜிங் படம், அதுல கறுப்பு வயரே மூணு இருக்கு.